பிறந்த வீடா, பயின்ற பள்ளியா?

‘தகப்பனுக்கே எழுத்துத் தெரியாது, பிள்ளைக்குப் படிப்பு எங்கிருந்து ஏறும்?’ நம் ஜமாஅத்துகளில் இன்றும் ஒலிக்கும் இச்சொல்லை நாம் மறுக்கின்றோம்.

வீட்டு வறுமை பிள்ளையின் கல்வியைத் தொடாதென்பதன்று நம் வாதம். இந்தியாவில் 6 முதல் 14 வயதுவரையுள்ள முஸ்லிம் குழந்தைகளுள் 25 விழுக்காடு வரை பள்ளியே காணாதவர் அல்லது இடையில் நின்றவர் என 2006இல் சச்சார் குழு உரைத்தது. ஆயின், வறிய நாடுகளில் வீட்டினும் பள்ளியும் ஆசிரியருமே தேர்ச்சியை மிகுதியும் நிர்ணயிப்பதாக, 29 நாடுகளை ஆய்ந்த ஹெய்ன்மனும் லாக்ஸ்லியும் 1983இல் எழுதினர். பின்னாளில் அதனை மறுத்தோரும் உளர். நமக்கோ அதனினும் மூத்த சான்றொன்று உண்டு.

பத்ருப் போருக்குப்பின் (கி.பி. 624), மீட்புப்பொருள் தர இயலாத எழுத்தறிந்த கைதிகள், மதீனத்துச் சிறுவர் பதின்மருக்கு எழுத்துக் கற்பித்தலே விடுதலைக்கு ஈடு என்றார்கள் அண்ணலார் (ஸல்). அச்சிறுவர்தம் தந்தையர் கற்றவரா என வினவவில்லை. ஆசிரியரைத் தேடித் தந்தார்கள். இளமையிலேயே தந்தையை இழந்த ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவ்வாறு கற்றவர் என்பர். திருக்குர்ஆனைத் திரட்டும் பெரும்பணி பின்னர் அவர்களிடமே ஒப்படைக்கப்பட்டது.

வீட்டைப் பழிக்கக் காசு வேண்டாம். மாலையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்ல மதரஸாவில் ஓர் ஆசிரியரை அமர்த்தக் காசு வேண்டும். அச்செலவுக்கு அஞ்சுவோரே, அதற்குத் தகப்பன்மாரைக் காரணங்காட்டாதீர்!