விலையை முதலிலேயே பேசிவிட வேண்டும்

நாயுடுபேட்டையை ஒட்டிய மேனகூரு சிறப்புப் பொருளாதார மண்டலத்து மருந்து ஆலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு பேட்ச் மாத்திரைக்கு என்ன செலவாகும் என்பது அத்துப்படி. மூலப்பொருள், பேக்கிங், மின்சாரம், கூலி, தரச் சோதனை எல்லாம் அதில் அடக்கம். காப்புரிமை உள்ள புதிய மருந்தின் விலையை மட்டும் இந்தக் கணக்கால் விளக்கவே முடியாது. ஆராய்ச்சியில் போட்ட பணத்தை விலையில்தான் எடுக்க வேண்டும் என்று கம்பெனிகள் காரணம் சொல்கின்றன. அந்தப் பணத்தில் பெரும்பகுதியைப் பொதுநிதி ஏற்றுக்கொண்டால் விலை எப்படி அமையும் என்பதற்கு நம் கண்முன்னே ஓர் உதாரணம் இருக்கிறது: ரோட்டாவாக் என்ற தடுப்பு மருந்து.

1980களின் நடுவில் டெல்லி எய்ம்ஸில் டாக்டர் எம்.கே.பான் குழுவினர், பிறந்த குழந்தைகளிடம் ஒரு ரோட்டா வைரஸைக் கண்டார்கள். தொற்று இருந்தது, வயிற்றுப்போக்கு இல்லை. 116இ என்று பெயரிடப்பட்ட அந்த வைரஸ், தடுப்பு மருந்தாக உரிமம் பெற 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தனை காலம் எந்தத் தனி முதலீட்டாளர் பொறுத்திருப்பார்? மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை, கேட்ஸ் அறக்கட்டளை, நார்வே ஆராய்ச்சி மன்றம், பிரிட்டன் அரசு ஆகியவை பணம் கொடுத்தன. தயாரிப்பு நிறுவனமான பாரத் பயோடெக்கும் தன் பங்கைப் போட்டது. கடைசிக் கட்டச் சோதனையில் டெல்லி, புனே, வேலூரைச் சேர்ந்த 6,799 குழந்தைகள் பங்கேற்றார்கள். அதன் முடிவு வருவதற்கு முன்பே, ஒரு டோஸ் ஒரு டாலர் என்று நிறுவனம் வாக்குக் கொடுத்திருந்தது. இந்தக் கதையில் நான் மிக முக்கியமாகக் கருதுவது அந்த வாக்கைத்தான்.

கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை ரோட்டாவாக் முதல் ஆண்டில் சுமார் 56 சதவீதம் தடுத்தது. பணக்கார நாடுகளில் மற்ற தடுப்பு மருந்துகள் காட்டிய பலன் இதைவிட அதிகம். ஏழை நாடுகளில் அவையும் ஏறக்குறைய இதே அளவில்தான் நின்றன. 2016 மார்ச்சில் தேசியத் தடுப்பூசித் திட்டத்தின் வழியே அதை முதலில் கொடுக்கத் தொடங்கிய நான்கு மாநிலங்களில் ஆந்திரமும் ஒன்று. அப்போது நெல்லூர் மாவட்டத்தில் இருந்த நாயுடுபேட்டைக் குழந்தைகளுக்கும் அந்தச் சொட்டு இலவசமாகக் கிடைக்க வழி பிறந்தது.

விற்பனைக்குச் சரக்கே இல்லாத கேள்விகளுக்கும் பொதுப்பணம் தேவை. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை சேர்ந்து நடத்தின. சானடோரியத்தில் கிடைக்கும் பலன் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் கிடைக்கும் என்று 1959இல் அது காட்டியது. அந்த விடையை எந்தக் கம்பெனியும் விற்க முடியாது.

மானியம் கொடுத்தும் மருந்து தோற்கலாம். வெற்றிக்கு மட்டும் பரிசு என்றால் பொதுப்பணம் வீணாகாது, ஆனால் நம் பகுதிச் சிறு நிறுவனங்களால் அதுவரை கடனில் தாக்குப்பிடிக்க முடியாது. கட்டம் கட்டமாக, எட்டிய இலக்குக்கு ஏற்பப் பணம் தருவதே பொருத்தம் என்பது என் கருத்து.

மருந்து ஆராய்ச்சியை ஊக்குவிக்க மத்திய அரசு 2023இல் 5,000 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. இப்படிப்பட்ட நிதியைப் பெறும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் கையெழுத்திடும் நாளிலேயே விலை உச்சவரம்பு எழுதப்பட வேண்டும். தோற்ற சோதனைகளின் தரவும் வெளியாக வேண்டும். உச்சவரம்பை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய, உத்தேசத் தயாரிப்புச் செலவை விண்ணப்பத்தோடு இணைக்கச் சொல்லலாம். அந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர்கள் மேனகூருவில் இருக்கிறார்கள். அவர்களை அழைத்துப் பேச வேண்டும்.