ஆய்வு ஊருக்குத் திரும்பட்டும்

செம்பட்டியில் கூடியிருக்கும் நாங்கள் பள்ளி ஆசிரியர்கள், கிராமச் செவிலியர்கள், விவசாயிகள், மோட்டார் காயில் கட்டுபவர்கள், நையாண்டி மேளக் கலைஞர்கள், முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள். பழனிக்கும் திண்டுக்கல்லுக்கும் வத்தலக்குண்டுக்கும் பஸ் பிரிகிற இந்த ஊரில் ஓர் இயக்கத்தைத் தொடங்குகிறோம். கோரிக்கை ஒன்றுதான். எங்களிடம் வந்து செய்த ஆய்வு எங்களிடம் திரும்பி வர வேண்டும். மருத்துவமோ பொறியியலோ கல்வியோ இசையோ, எதுவானாலும் தமிழில் வர வேண்டும். எங்கள் கண்முன் வாசிக்கப்பட வேண்டும். நாங்கள் எழுந்து கேள்வி கேட்க அங்கே இடம் இருக்க வேண்டும்.

இந்தப் பகுதி ஆய்வுக்குக் கொடுத்தது கொஞ்சமல்ல. ரத்தம் கொடுத்திருக்கிறோம், கிணற்றுத் தண்ணீரும் வயல் மண்ணும் கொடுத்திருக்கிறோம், பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களைக் கொடுத்திருக்கிறோம். எங்கள் பாட்டிகள் ஒலிப்பதிவுக் கருவியின் முன் உட்கார்ந்து தாலாட்டும் ஒப்பாரியும் பாடிக் கொடுத்திருக்கிறார்கள். வந்தவர்கள் நல்லவர்கள். காபி குடித்து, நன்றி சொல்லி, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு என்ன கண்டுபிடித்தார்கள் என்பது பெரும்பாலும் எங்களுக்குத் தெரியாமலே போயிற்று.

ஆத்தூர் வட்டாரத்திலிருந்தே ஆரம்பிப்போம். நாங்கள் வாழ்வது இந்த வட்டாரத்தில்தான். காந்திகிராமம் என்ற ஊரகப் பணி நிறுவனம் 1947இல் தோன்றியது. அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் டெல்லியில் மருத்துவம் படித்தவர். 1952இல் ஆத்தூர் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார். பத்தாண்டு கழித்து திண்டுக்கல் மக்களவை உறுப்பினராகி மத்திய கல்வித் துணை அமைச்சரானார். பிரசவ அறையும் பள்ளிக்கூடமும் ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள் என்று வாழ்ந்து காட்டியவர். அந்தக் காந்திகிராமத்தினர் 1959இல் இந்த வட்டாரத்தில் ஒரு முன்னோடிச் சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கினார்கள். வீடு வீடாகப் பிறப்புகளைப் பதிந்தார்கள், தாய்மார்களோடு உட்கார்ந்து பேசினார்கள், ஊர்ப் பெரியவர்களைக் கூடவே இழுத்துக்கொண்டார்கள். ஆயிரம் பேருக்கு 43 என்று இருந்த பிறப்பு விகிதம் 1968க்குள் ஏறக்குறைய 28க்கு இறங்கியது. குடும்ப நலத் துறையில் இதை ‘ஆத்தூர் அனுபவம்’ என்று எழுதினார்கள், வெளிநாட்டிலும் படித்தார்கள்.

அந்தக் கணக்கில் இருப்பவர்கள் எங்கள் அம்மாக்கள், அப்பத்தாக்கள். எத்தனை பிள்ளை என்ற முடிவைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்ட முதல் தலைமுறைப் பெண்கள் அவர்கள். எங்கள் ஊர்ப் பள்ளியில் படித்த எவருக்கும் இதை யாரும் சொல்லித் தந்ததில்லை. நர்சிங் படிக்கிற எங்கள் பெண்கள் குடும்ப நலப் பாடத்தில் எங்கெங்கோ உள்ள நாடுகளின் உதாரணங்களை மனப்பாடம் செய்கிறார்கள். தன் அப்பத்தா ஒரு பெரிய ஆய்வின் பங்காளி என்பது ஒரு பெண்ணுக்குத் தெரிந்திருந்தால், அவள் அந்தப் பாடத்தை வேறு விதமாகப் படித்திருப்பாள். இது எங்களுக்கு நேர்ந்த இழப்பு. இந்த இயக்கம் பிறந்ததற்கு முதல் காரணமும் இதுவே.

இரண்டாவது காரணம் கிணறுகள். திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுநீர் எங்கள் நிலத்தடி நீரை என்ன செய்தது என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு செய்தியை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1996 ஆகஸ்டில், தோல் கழிவுநீர் பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும், ஆபத்து முழுமையாக நிரூபணமாகும்வரை கைகட்டிக் காத்திருக்கக் கூடாது என்ற இரண்டு கொள்கைகளையும் இந்தியச் சட்டத்தில் ஊன்றியது அந்தத் தீர்ப்பு. வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கெடுப்பை அது எடுத்துக்காட்டுகிறது. அதோடு சேர்த்து, திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு நடத்திய கணக்கெடுப்பையும் எடுத்துக்காட்டுகிறது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின என்றது அந்தக் கணக்கு.

கிணறு கிணறாக நடந்து எண்ணியவர்களின் எண் நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் ஏறி நின்றிருக்கிறது. ஆய்வு என்பது பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் உரிய தொழில் என்று எவராவது சொன்னால் இந்தக் கிணறுகளைக் காட்டுவோம். அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்கிறோம்: அந்தத் தண்ணீரில் குரோமியம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று சொல்ல வேதியியல் படித்தவர் வேண்டும், அதைக் குடித்த உடம்புக்கு என்ன ஆகும் என்று சொல்ல மருத்துவர் வேண்டும், கழிவைச் சுத்திகரிக்கப் பொறியாளர் வேண்டும். நடந்து எண்ணுபவரும் படித்து அளப்பவரும் ஒரே மேசையில் உட்காராமல் இந்த வேலை நடக்காது.

அந்த மேசை இன்னும் போடப்படவில்லை. புளூரைடை எடுத்துக்கொள்ளுங்கள். நிலக்கோட்டை, வத்தலக்குண்டுப் பக்கத்து நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்திருப்பதைப் பல ஆய்வேடுகள் அளந்திருக்கின்றன. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் ஒன்றரை வரை போகலாம் என்பது இந்தியத் தரக் கட்டுப்பாடு. பல் மருத்துவர்கள் எங்கள் பிள்ளைகளின் பல்லில் உள்ள வெள்ளைத் திட்டையும் காவிப் பட்டையையும் பார்த்து எழுதினார்கள். பொறியாளர்கள் வடிகட்டி செய்து பார்த்து எழுதினார்கள். இரண்டு பேரும் நல்ல வேலை செய்தார்கள். ஆனால் பல் முளைத்த பிறகு வரும் கேடு அல்ல இது. ஈறுக்குள் பல் உருவாகும்போதே, ஏழெட்டு வயதுக்குள், படிந்துவிடுகிறது. தடுக்க வேண்டிய இடம் அங்கன்வாடியும் தொடக்கப் பள்ளியும்தான். சத்துணவு எந்தத் தண்ணீரில் வேகிறது, தாய்மாருக்கு யார் சொல்வது, எப்படிச் சொன்னால் மனதில் நிற்கும் என்பதெல்லாம் கல்வி ஆய்வின் கேள்விகள். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று நாங்களே வீடு வீடாகச் சொல்லி வந்திருக்கிறோம். கிருமிக்கு அது சரி. புளூரைடு காய்ச்சினால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடும். இந்த ஒரு வரி ஆய்வேட்டிலிருந்து அடுப்பங்கரைக்கு வந்து சேர ஏன் இத்தனை காலம் ஆக வேண்டும்?

இசை இதில் எதற்கு என்று எங்கள் கூட்டத்திலேயே கேட்டார்கள். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும்.

1859இல் தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்த ஒரு பையன் ஆசிரியப் பயிற்சிக்குத் திண்டுக்கல்லுக்கு வந்தான். படித்த இடத்திலேயே ஆசிரியரானான், சடையாண்டி பத்தரிடம் வயலின் கற்றான். சுருளிமலையில் கருணானந்தர் என்ற முனிவரிடம் சித்த மருத்துவம் கற்றான். சுருளிப் பக்கம் போகிற குமுளி ரோடு இன்றும் எங்கள் செம்பட்டியைத் தாண்டித்தான் போகிறது. அந்தப் பையன்தான் ஆபிரகாம் பண்டிதர். தஞ்சாவூரில் பள்ளி ஆசிரியராக இருந்து, பிறகு முழுநேர மருத்துவரானார். அவருடைய சஞ்சீவி மாத்திரைகள் பல ஊர்களுக்குப் போயின. தஞ்சைக்கு வெளியே மூலிகையும் பயிரும் வளர்க்கத் தோட்டம் போட்டார், அச்சகம் வைத்தார். மருந்தில் வந்த பணத்தை இசை ஆராய்ச்சியில் கொட்டினார்.

1912இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, தம் செலவிலேயே மாநாடுகள் கூட்டினார். ஒரு ஸ்தாயியில் சுருதி 22 என்று காலங்காலமாகச் சொல்லி வந்ததை ஏற்காமல், சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் கணக்குப் போட்டுப் படித்து 24 என்றார். 1916இல் பரோடா மாநாட்டில் தம் மகள்களைப் பாடவைத்து அந்தக் கணக்கை வித்துவான்களின் காதுக்கு முன்னே வைத்தார். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ ஆயிரம் பக்கங்களுக்கு மேல் அச்சாகி வந்தது. இரண்டே ஆண்டில் காலமானார். அவர் கணக்கை ஒப்பாதவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அது ஆய்வுக்கு இயல்பானது. எங்களுக்கு முக்கியம், அவர் தம் கணக்கை மறைக்காமல் சபையில் வைத்து எதிர்க்கேள்வி கேட்கச் சொன்னார் என்பது. இந்த இயக்கம் கேட்பதும் அதையே.

மருத்துவர், ஆசிரியர், பயிர் வளர்த்தவர், அச்சுத் தொழில் நடத்தியவர், இசை ஆய்வாளர் எல்லாம் அவர் ஒருவரே. இன்று அப்படி ஒருவர் வந்தால் எந்தத் துறையில் அவரைப் பதிவு செய்வார்கள் என்று தெரியவில்லை.

இயற்பியல் பக்கத்திலிருந்து வந்த ஓர் உதாரணமும் உண்டு. சாதாரண முரசில் அடித்தால் எழும் துணை ஒலிகள் ஒன்றோடொன்று இசைவதில்லை. மிருதங்கத்தில் இசைகின்றன. ஏன் என்று சி.வி. ராமன் 1920இல் சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து எழுதினார், 1934இல் விரிவாக எழுதினார். வலந்தலையின் நடுவில் சோற்றையும் கல்பொடியையும் பிசைந்து அடுக்கடுக்காக ஏற்றும் அந்தக் கறுப்பு வட்டம்தான் காரணம். அதைக் கண்டுபிடித்தவர்கள் தோல் வேலை தெரிந்த கைவினைஞர்கள், அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. எங்கள் நையாண்டி மேளத் தோழர்கள் கேட்கிறார்கள்: வருஷம் முழுக்கத் தவில் வாசிப்பவனின் காதுக்கு என்ன ஆகிறது? கூடு மாட்டி அடிக்கும் விரல்களின் மூட்டுகளுக்கு என்ன ஆகிறது? உறுமிக்கு நல்ல தோல் கிடைக்காத நாளில் அதற்கு ஈடாக எதைப் போடுவது? முதல் இரண்டு கேள்வி மருத்துவத்துக்கு, மூன்றாவது பொறியியலுக்கு. கேட்டவர்கள் இசைக்காரர்கள். இசையை விட்டுவிட்டு நடத்தும் ஆய்வு மேசை எங்களுக்கு வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்கிறோம். ஊருக்கு உடனே பயன்படாத ஆய்வு வீண் என்ற பேச்சை இந்த இயக்கத்தில் அனுமதிக்க மாட்டோம். எங்கள் மாவட்டத்துக் கொடைக்கானல் வானாய்வகத்தில் 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளின் விளிம்பில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். உலகம் அதை எவர்ஷெட் விளைவு என்கிறது. அதனால் இங்கே ஒரு படி நெல்கூடக் கூடுதலாக விளையவில்லை. ஆனாலும் அது எங்கள் மலையில் நடந்தது, எங்கள் பெருமை. பழைய பண்களைக் கணக்குப் போடுகிற தமிழாசிரியரும் சூரியனைப் பார்க்கிறவரும் அவரவர் ஆர்வத்தில் போகட்டும். வந்து சொல்லுங்கள் என்பது மட்டுமே நாங்கள் கேட்பது. சூரியனைப் பற்றிக் கேட்க எங்களுக்கும் ஆசை இருக்கிறது.

இனி, கேட்பதையும் செய்யப் போவதையும் சொல்கிறோம். ஆத்தூர், நிலக்கோட்டை, ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் தகவல் எடுக்கும் எந்த ஆய்வாளரும், ஆய்வு முடிந்ததும் தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் தர வேண்டும்; முடிந்தால் கிராம சபையில் நின்று வாசிக்க வேண்டும். மே தினத்திலும் காந்தி ஜெயந்தியிலும் எப்படியும் சபை கூடுகிறது, அரை மணி நேரம் அதற்கு ஒதுக்கச் சொல்லி ஊராட்சிகளிடம் கேட்போம். இது இரக்கம் கேட்பதல்ல. ஆய்வில் பங்கெடுத்த சமூகத்தோடு பலனைப் பகிர வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளே சொல்கின்றன. அதே நெறியைப் பொறியியலுக்கும் கல்விக்கும் இசைக்கும் நீட்டச் சொல்கிறோம். பாட்டை ஒலிப்பதிவு செய்தவர் ஒரு பிரதியை அந்த ஊர்ப் பள்ளியில் வைக்க வேண்டும். பாடியவர் விரும்பினால் அவர் பெயர் ஆய்வேட்டில் வர வேண்டும். நோயாளியின் பெயர் எந்தக் காரணத்தாலும் வரக் கூடாது.

எங்கள் பங்குக்கு, இந்தப் பகுதியைப் பற்றிய ஆய்வேடுகளை ‘சோத்கங்கா’ இணையக் களஞ்சியத்திலிருந்து தேடி எடுத்து, தமிழில் சுருக்கி, மாதம் ஒரு ஞாயிறு சத்தமாக வாசிப்போம். ஆராய்ச்சி மாணவர்கள் சுருக்குவார்கள், ஆசிரியர்கள் எளிமையாக்குவார்கள், கேட்பவர்கள் தவறைத் திருத்துவார்கள். நன்கொடை வாங்குவதில்லை, மேடையில் சால்வை போடுவதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறோம். எந்தக் கல்லூரிக்கும் எந்தக் கட்சிக்கும் நாங்கள் கிளை அல்ல. இயக்கத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயரைவிட முதல் வாசிப்பு முக்கியம்.

அந்த முதல் வாசிப்புக்குத் தண்ணீர் பற்றிய ஆய்வேடுகளை எடுத்திருக்கிறோம். வருகிறவர்கள் வீட்டுக் கிணற்றிலோ போரிலோ ஒரு லிட்டர் தண்ணீர் பிடித்து, பாட்டிலில் ஊர் பெயரும் ஆழமும் எழுதிக் கொண்டு வாருங்கள். அளந்து சொல்ல வேதியியல் மாணவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். முடிவை அடுத்த மாத ஞாயிறு வாசிப்பில் உங்கள் முன்பே படிப்போம்.