பருப்பும் சட்டமன்றத்தின் கவலைதான்

‘ஆஸ்பத்திரி கட்டுவதுதான் எம்.எல்.ஏ. வேலை; வீட்டில் என்ன சமைக்கிறார்கள், எங்கே படுக்கிறார்கள் என்பதெல்லாம் அவரவர் பாடு’ என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் தெரிகிறது. காசநோயை வைத்து உரசிப் பார்ப்போம்.

ஜார்க்கண்டின் 4 மாவட்டங்களில் நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வின் முடிவு 2023இல் லான்செட்டில் வந்தது. எல்லா நோயாளிகளுக்கும் உணவுப்பொருள் கிடைத்தது. ஒரு பிரிவில் மட்டும் வீட்டாருக்கும், பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ துவரம்பருப்பு, சத்து மாத்திரை தந்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39% குறைந்தது. பிறருக்குத் தொற்றக்கூடிய வகை 48% குறைந்தது. புது ஆஸ்பத்திரி எதுவும் கட்டவில்லை. பருப்பு கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

‘அவரவர் பாடு’ என்றால், பருப்பு விலையை அவரவரா தீர்மானிக்கிறார்கள்? தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அது மானிய விலையில் கிடைப்பதே ஓர் அரசியல் முடிவு. நெரிசலும் காற்றோட்டமின்மையும் காசநோயைப் பரப்பும்; அரசுத் தொகுப்பு வீட்டின் அறை அளவும் ஜன்னலும் கோப்பில் தீர்மானமாகின்றன. கல் குவாரியில் காசநோய்க்கு வழிவிடும் சிலிக்கா தூசியைக் கட்டுப்படுத்துவதும் தொழிலாளியின் கையில் இல்லை.

மருந்து இல்லாமல் காசநோய் குணமாகாது. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மாத்திரையை வாங்கிக்கொண்டு அதே புழுக்க அறைக்கு, அதே அரைவயிற்றுக்குத் திரும்புகிறவரின் பிள்ளைக்கும் நோய் வந்தால், அடுத்த படுக்கையைத் திறந்துவைக்கவா எம்.எல்.ஏ.?

சட்டமன்றத்தில் அவர் கேட்கட்டும்: நோயாளிக்குச் சத்துணவுக்காக அரசு மாதம் தரவேண்டிய 1,000 ரூபாய் உரிய நேரத்தில் வருகிறதா? வீட்டாருக்குப் பருப்பு எப்போது?