கோபத்தின் விலையை யார் கொடுப்பது?

கோபம் குடியைக் கெடுக்கும் என்று நம் முன்னோர் சொன்னார்கள். கோபம் கோளாறாக முற்றிவிட்டால் தேர்ந்த நிபுணரிடம் சென்று சிகிச்சை பெறுக என்று இன்றைய அறிஞர்கள் சொல்கிறார்கள். இரண்டும் நல்ல வார்த்தைகளே. ஆனால் இரண்டாவது வார்த்தைக்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலை எவ்வளவு? அதைக் கொடுக்க வல்லவர் யார்? கொடுக்க முடியாதவர் வீட்டில் என்ன நடக்கிறது? கொழும்பின் குளிரூட்டிய அறையிலிருந்து பார்ப்பவருக்கு இக்கேள்விகள் தோன்றாமலே போகலாம். புங்குடுதீவின் மேற்குக் கரையில், குறிகட்டுவான் இறங்குதுறையில், நெடுந்தீவுப் படகுக்காகக் காத்து நிற்பவர்களோடு ஒரு பொழுது நின்று பார்த்தவருக்கு வேறெந்தக் கேள்வியும் தோன்றாது.

முதலில் அந்தச் சிகிச்சை இன்னதென்று அறிந்துகொள்வோம். அறியாத ஒன்றை ஏளனம் செய்வது முற்போக்காளருக்கு அழகன்று. 1975ஆம் ஆண்டில் றேமண்ட் நொவாக்கோ என்ற அமெரிக்க உளவியலாளர் கோபக் கட்டுப்பாடு பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தூண்டும் நிகழ்ச்சி, அதற்கு மனம் கற்பிக்கும் பொருள், உடலில் எழும் படபடப்பு, கை செய்யும் செயல் என்று கோபத்தைப் பகுத்து ஆராய்ந்து, ஒவ்வொரு படியிலும் மனிதன் தன்னைத் தடுத்துக்கொள்ளப் பழகலாம் என்று அவர் காட்டினார். அவ்வழியில் பின்னர் பல பயிற்சிமுறைகள் தோன்றின. அமெரிக்க அரசின் சுகாதாரத்துறை வெளியிட்ட கைந்நூல் ஒன்று, ஒரு சிறு குழு வாரம் ஒருமுறை கூடி 12 வாரங்களில் முடிக்கும் பாடத்திட்டத்தையே தருகிறது. இதில் விலையுயர்ந்த மருந்து இல்லை, இயந்திரம் இல்லை. பயிற்சி பெற்ற ஒரு மனிதரும், அமர்ந்து பேச ஓரிடமும், 12 வாரப் பொறுமையும் போதும். இத்தனை எளிய பொருள் ஏழைக்கு எட்டாப் பொருளானது எவ்வாறு?

தனியார் துறையில் அது மணிக்கணக்கில் விற்கப்படுகிறது என்பதே முதற் காரணம். ஓர் அமர்வுக்கு ஆயிரக்கணக்கான ரூபாய். ஓர் அமர்வோடு காரியம் முடிவதுமில்லை. மாதச் சம்பளக்காரரே தயங்கும் இக்கட்டணத்தை, காற்றையும் மீனையும் நம்பி வாழும் கடற்றொழிலாளி கொடுப்பது எப்படி?

“நம் நாட்டில் அரசாங்க வைத்தியம் இலவசமாயிற்றே!” என்று ஒரு நண்பர் இடைமறிக்கலாம். உண்மைதான். இலங்கை மக்கள் பெற்ற உரிமைகளுள் இலவச மருத்துவம் தலையானது; அதைப் பறிக்க வரும் எவரையும் நாம் எதிர்ப்போம். ஆனால் கட்டணம் இல்லை என்பதும் செலவு இல்லை என்பதும் ஒன்றல்ல. நெடுந்தீவில் வாழும் ஒரு கடற்றொழிலாளியை மனத்திற் கொள்ளுங்கள். நெடுந்தீவில் ஒரு பிரதேச வைத்தியசாலை உண்டு. ஆனால் மனநல நிபுணர்களின் பிரிவுகள் அமைந்த யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையும் குடாநாட்டில் இருக்கின்றன. அவர் விடியலில் மாவிலித்துறைக்கு வரவேண்டும். சுமார் ஒரு மணி நேரம் கடலில் வந்து குறிகட்டுவானில் இறங்கவேண்டும். அங்கிருந்து பஸ் ஏறி, வாணர் பாலத்தையும் வேலணையையும் பண்ணைப் பாலத்தையும் கடந்து யாழ்ப்பாணம் சேரவேண்டும். வரிசையில் நிற்கவேண்டும். பின்பு கடைசிப் படகைத் தவறவிடாமல் திரும்பி ஓடவேண்டும். சோளகக் காற்று வலுத்துக் கடல் கொந்தளித்தால் அன்று பயணமே இல்லை. ஒரு முறைக்கு ஒரு நாட் தொழில் போயிற்று. 12 வாரத்துக்கு 12 நாட் தொழில் போயிற்று. வைத்தியர் ஒரு சதமும் கேளாத இலவச சிகிச்சையின் விலை இது. இதை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் யாரும் எழுதுவதில்லை.

சட்டமும் இந்தக் கணக்கை அறியாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், வன்முறை புரிந்தவரை உளவளத் துணைக்கும் உளச் சிகிச்சைக்கும் கட்டாயமாகச் செல்லும்படி பணிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. நல்ல சட்டம், வரவேற்கிறோம். ஆனால் ஊர்காவற்றுறையில் ஒரு நீதவான் அவ்வாறு கட்டளையிட்டால், அந்தச் சிகிச்சை எங்கே நடக்கும்? வாராவாரம் அவரை எதிர்பார்த்துக் காத்திருப்பவர் யார்? நீதிமன்றக் கட்டளை காகிதத்தில் கடலைக் கடந்துவிடும், சிகிச்சை கடக்காது. பயிற்சி இல்லையென்றால் எஞ்சுவது தண்டனை ஒன்றே.

இங்கேதான் நம் சமுதாயத்தின் இரட்டை நாக்கு வெளிப்படுகிறது. காசுள்ளவன் தட்டை எறிந்து உடைத்தால் அவனுக்கு மன அழுத்தம், நிபுணரிடம் நேரம் குறிக்கப்படுகிறது, அந்தரங்கம் காக்கப்படுகிறது. கூலிக்காரன் அதே தட்டை உடைத்தால் அவன் முரடன், குடிகாரன், தீவான். பொலிஸ் நிலையத்துக்கு இழுக்கப்படுகிறான். ஊர் கூடிப் பார்க்கிறது. ஒரே குற்றம் பணத்தைப் பொறுத்து ஓரிடத்தில் நோயாகவும் மற்றோரிடத்தில் குணக்கேடாகவும் பெயர் பெறுகிறது.

அந்தக் கோபம் எங்கிருந்து வந்ததென்று எவரேனும் கேட்டார்களா? குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையிலுள்ள கடல் வெறும் தண்ணீரன்று. 1985 மே 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து இத்துறை நோக்கி வந்த குமுதினிப் படகில் பெண்களும் குழந்தைகளும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். குறைந்தது 23 பேர் என்று சர்வதேச மன்னிப்புச் சபை பதிவு செய்தது. ஊரார் கணக்கு அதனினும் கூடியது. கொன்றவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியோர் சாட்சி சொன்னார்கள். அதன்பின் இடப்பெயர்வு வந்தது. பாழடைந்த வீடுகள் வந்தன. போர் முடிந்த பின்பும் நிம்மதி வரவில்லை. அடிமடி இழுவைத் தொழில் 2017இல் இலங்கையில் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. எனினும் இந்தியக் கரையிலிருந்து இழுவைப் படகுகள் வந்து வலைகளை அறுத்துச் சென்றன. அந்தப் படகுகளில் உழைப்பவனும் ஒரு தமிழ்க் கூலியே, இலாபம் முதலாளிக்கு. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே அடியாக 340 ரூபாயாக உயர்ந்தது. வெளியிணைப்பு இயந்திரப் படகுக்காரன் கடலுக்குப் போவதா, கரையில் பட்டினி கிடப்பதா என்று திகைத்தான். போரின் மனவடுவுக்கு எரிச்சலும் சினவெடிப்பும் அறிகுறிகள் என்பது மருத்துவம் ஏற்ற உண்மை. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இலும் 2014இலும் வெளியிட்ட நூல்களில், தனிமனித உள்ளங்கள் மாத்திரமன்றி ஒரு சமுதாயமே வடுப்பட்டிருப்பதை விரிவாக எடுத்துரைத்திருக்கிறார்.

இவ்விடத்தில் நம் தோழர்கள் சிலருக்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். “உழைப்பாளியின் கோபம் நியாயமானது, அதற்குச் சிகிச்சை என்பது அவனை அடக்கும் சூழ்ச்சி” என்று அவர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். கேட்க வீரமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கோபம் யார்மீது பாய்கிறது? படகு முதலாளிமீது பாயவில்லை, வட்டிக்காரன்மீது பாயவில்லை, துப்பாக்கி ஏந்தியவன்மீது பாயவில்லை. அடுப்படியில் நிற்கும் மனைவிமீதும், பாடப்புத்தகத்தோடு மூலையில் ஒடுங்கும் குழந்தைமீதும் பாய்கிறது. வள்ளுவர் வெகுளாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்து, தன் சினம் செல்லுபடியாகும் எளியவரிடத்தில் அதைக் காப்பவனே உண்மையில் காப்பவன் என்று உணர்த்தினார். “அவர் நல்ல மனுசன், கோபம் வந்தால்தான் கண்மண் தெரியாது” என்று வீங்கிய முகத்தோடு ஒரு பெண் சொல்கிறாளே, கண்மண் தெரியாத அந்தக் கோபத்துக்கு வட்டிக்காரனின் கதவு மாத்திரம் எப்படித் தெரிந்தது, அங்கே ஏன் அது அடங்கி நின்றது என்று நாம் சிந்திக்கவேண்டும். காரணம் கூறுவது வேறு. மன்னிப்பு வழங்குவது வேறு. கணவனின் சிகிச்சைக்கு நாம் கொடுக்காத விலையை அந்தப் பெண் தன் உடம்பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே அவளுடைய பாதுகாப்பு முதலில். அவனுடைய பயிற்சி அடுத்தது. பின்னதைக் காட்டி முன்னதை ஒத்திவைக்க எவருக்கும் உரிமையில்லை.

ஏழை நாட்டில் இதெல்லாம் ஆகிற காரியமா என்று கைவிரிப்பவர்களுக்கு ஏழை நாடுகளே விடை சொல்லியிருக்கின்றன. சிம்பாப்வேயில் 2006ஆம் ஆண்டு டிக்சன் சிபண்டா என்ற மனநல மருத்துவர், ஹராரே நகரத்து ம்பாரே பகுதியில், மருத்துவ நிலைய முற்றத்தில் மரவாங்குகளை இட்டு, பயிற்சி அளிக்கப்பட்ட பாட்டிமாரை அவற்றில் அமர்த்தினார். மனஞ்சோர்ந்து வந்தவர்கள் அவர்களோடு பேசித் தேறினார்கள். 2016இல் வெளிவந்த ஆய்வு அதை உறுதிசெய்தது. கோவாவில் அளவுமீறிக் குடிக்கும் ஆண்களுக்கு, பட்டம் பெறாத சாதாரண மனிதர்கள் பயிற்சி பெற்று அளித்த சில அமர்வு ஆலோசனை பலன் தந்ததென்று 2017இல் லான்செற் மருத்துவ இதழ் ஆய்வொன்றை வெளியிட்டது. இவை கோபத்துக்கென்றே செய்யப்பட்டவை அல்ல. ஆயினும் வழி அதுவே. நமக்கும் இது புதிதன்று. போர்க்காலத்திலேயே யாழ்ப்பாணத்தில் சாந்திகம் போன்ற அமைப்புகள் உளவளத் துணையாளர்களைப் பயிற்றின. ஆசிரியர்களும் கிராமத் தொண்டர்களும் அப்பணியில் பங்கு கொண்டார்கள்.

ஆகையால் நாம் கேட்பது மாளிகையன்று. குறிகட்டுவான் துறையில் ஓர் அறை. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் ஒவ்வோர் அறை. படகு வரும் நேரத்துக்கும் தொழில் இல்லாத நாளுக்கும் இசைந்து, வாரந்தோறும் தவறாது வரும், இடமாற்றத்தால் பிடுங்கப்படாத, தமிழ் பேசும் உளவளத் துணையாளர் ஒருவர். நீதிமன்றம் கட்டளையிட்ட பயிற்சிக்கு வருபவருக்கு இழந்த நாட்கூலி. அடிபட்ட பெண் தனியே வந்து பேச வேறொரு நாளும், அவளை நம்பிக் கேட்கும் ஒரு பெண் அலுவலரும். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர் என்ற பதவி ஏற்கனவே உண்டு. அந்தப் பதவிக்கு ஆளும், ஆளுக்குப் படகும், வேலைக்குக் காலமும் கொடுங்கள் என்பதே கோரிக்கை.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! தீவுப் பள்ளிக்கூடங்களில் காலையில் எந்தப் பிள்ளை பேசாமல் உட்கார்ந்திருக்கிறது என்பதை அரசாங்கத்துக்கு முன் நீங்கள் அறிவீர்கள். முந்தின இரவு அந்த வீட்டில் கோபத்தின் விலை யாரிடம் வசூலிக்கப்பட்டது என்பதும் உங்களுக்குத் தெரியும். தொழிற்சங்கக் கூட்டத்தில் சம்பள உயர்வுத் தீர்மானத்தோடு இந்தக் கோரிக்கையையும் ஒரு தீர்மானமாக எழுதுங்கள். கடற்றொழிலாளர் சங்கங்களிடம் கொண்டு செல்லுங்கள். கடனும் இழுவைப் படகும் ஒழியும் வரை போராட்டம் இருக்கத்தான் செய்யும். அதுவரை அந்தப் பிள்ளை காத்திருக்க வேண்டும் என்று சொல்ல நமக்கு நியாயமில்லை.