காற்றை இறக்கினால் கிரிப் ஏறிவிடுமா?

"காத்தை இறக்கு, கிரிப் ஏறும்." இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை செட்டிப்பாளையத்திலோ, பந்தயத் தடத்தில் சொந்த பைக்கை ஓட்டிப் பார்க்கும் டிராக் டேக்கு முதன்முதலாக வருகிறவருக்கு, ஹெல்மெட்டை மாட்டுவதற்கு முன்பே கிடைத்துவிடும் உபதேசம் இது. சொல்பவர் நாலைந்து தடவை டிராக்கில் ஓட்டியவர். கேட்பவர் முதல் நாள் படபடப்பில் இருப்பவர். உடனே குனிந்து, சாவி முனையால் வால்வு ஊசியை அழுத்தி, "புஸ்" என்று கொஞ்சம் காற்றை வெளியே விட்டுவிட்டு வரிசையில் போய் நிற்கிறார். எவ்வளவு இருந்தது, எவ்வளவு போனது, இப்போது எவ்வளவு இருக்கிறது என்ற மூன்றில் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. சொல்லிக்கொடுத்தவருக்கும் தெரியாது.

ஆண்டுக்கணக்காக இதைக் கேட்டுச் சலித்திருக்கிறேன். பிட்டில் ஆளாளுக்குப் பேசிக்கொள்ளும் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பயிற்சி நாளில் மைக்கைப் பிடித்தவரே இதைச் சொன்னார். கூடவே இன்னும் நான்கு: "எல்லா ரேஸரும் கம்மிக் காத்துலதான் ஓட்டுறான்." "ஓரத்துல ரப்பர் தேயலைன்னா நீ இன்னும் சாயவே இல்லைன்னு அர்த்தம்." "உருண்டை உருண்டையா ரப்பர் வந்தா டயர் சூப்பரா வேலை செய்யுது." "நைட்ரஜன் அடிச்சா பிரஷர் ஏறாது." புதியவர்கள் போனில் குறித்துக்கொண்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நைட்ரஜனை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூடேறினால் அழுத்தம் ஏறும் என்ற விதி எல்லா வாயுவுக்கும் பொது. ஈரப்பதம் இல்லாத உலர்ந்த வாயு என்பதைத் தவிர புதியவருக்கு அதில் வேறு லாபம் கிடையாது.

இனி மூல வாக்கியத்துக்கு வருவோம். "அஞ்சு பிஎஸ்ஐ குறைச்சுக்கோ" என்கிறார்களே, எதிலிருந்து ஐந்து?

இந்த அறிவுரை பிறந்த இடம் வேறு. பெரிய 1000 சிசி சூப்பர் பைக்குகளுக்குக் கம்பெனி பரிந்துரைக்கும் அளவு பெரும்பாலும் முன்னால் 36, பின்னால் 42 பிஎஸ்ஐ. பின்னால் ஓர் ஆள், மூட்டை முடிச்சு, நெடுஞ்சாலை வேகம் எல்லாவற்றையும் தாங்குவதற்கு வைத்த எண் அது. அந்த பைக்கை, டிராக்குக்கும் ஏற்ற நல்ல ரேடியல் டயரோடு, தனி ஆளாக ஓட்டும்போது முப்பதை ஒட்டி இறக்குவதில் நியாயம் உண்டு. நம் ஊர் டிராக் டேயில் புதியவர் கொண்டுவருவது 150 முதல் 400 சிசி வரையிலான பைக். அதன் ஸ்டிக்கரில் இருக்கும் எண் பெரும்பாலும் 25க்கும் 33க்கும் நடுவில். அதாவது, 42 உள்ளவரை இறங்கச் சொன்ன இடத்திலோ அதற்குக் கீழேயோதான் இவர் ஏற்கெனவே இருக்கிறார். அதிலிருந்து இன்னும் ஐந்தைக் கழித்தால் 28 இருந்த டயர் 23க்கு வந்து நிற்கும். பல சின்ன பைக்குகளில் இருப்பது ரேடியல்கூட இல்லை, பயஸ் பிளை. அதன் உடற்கட்டு வேறு, வளையும் விதம் வேறு. ஸ்போக் சக்கரமும் டியூப்பும் உள்ள பைக்காக இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. காற்று குறைந்த டயர், கடுமையாக பிரேக் பிடிக்கையில் ரிம்மின் மேல் நகர்ந்து, கூடவே டியூப்பையும் இழுத்து, வால்வை வேரோடு கிழித்துவிடும்.

காற்றுக் குறைவான முன் டயர் என்ன செய்யும் என்பதைப் புதியவர் உணர்வார். ஆனால் அடையாளம் தெரியாது. நேர்பாதை முடிவில் பிரேக் பிடிக்கும்போது டயர் நசுங்கி முன்பக்கம் குழையும். திருப்பத்தில் ஹேண்டில் கனக்கும். பைக் உள்ளே விழ மறுத்து வெளியே போகப் பார்க்கும். எழுந்து நேராகும்போது ஒரு ஆட்டம். இத்தனையும் காற்றின் வேலை. அவரோ "எனக்குத்தான் சாய்க்க வரவில்லை" என்று நினைத்துக்கொண்டு அடுத்த செஷனில் ஹேண்டிலைப் பிடித்து முறுக்குகிறார். கற்றுக்கொள்ள வந்த ஒரு நாள் இப்படிப் போகிறது. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

இதையும்விடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. குளிரில் பார்த்த எண்ணையும் சூட்டில் பார்த்த எண்ணையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. டயருக்குள் அடைபட்ட காற்று சூடானால் அழுத்தம் கூடும் என்பது பள்ளிக்கூடப் பாடம். கணக்குப் போட்டே பார்க்கலாம். விடியற்காலை 27 டிகிரியில் 28 பிஎஸ்ஐ வைக்கிறீர்கள். நிதானமாக ஓட்டுகிறவரின் டயர்க் காற்று 45 டிகிரிக்கு ஏறினால் கேஜ் சுமார் முப்பதரை காட்டும். வேகமாக ஓட்டுகிறவரின் டயர் 60 டிகிரியைத் தொட்டால் 33ஐ நெருங்கும். ஒரே பைக், ஒரே டயர், காலையில் ஒரே எண். பிட்டுக்குத் திரும்பும்போது இருவருக்கும் இரண்டு பிஎஸ்ஐக்குச் சற்று மேல் வித்தியாசம். வேகமானவர் தன் சூட்டு எண்ணுக்கு ஏற்றபடி காலையில் கொஞ்சம் குறைவாக வைத்துத் தொடங்கினால் அது அவருக்குச் சரி. அதே எண்ணை முதல் நாள் புதியவருக்குக் கொடுத்தால், அவருடைய டயர் அந்தச் சூட்டுக்குப் போகவே போகாது. நாள் முழுக்கத் தொளதொளத்த டயரில்தான் ஓட்டுவார். டயருக்குச் சூடு கொடுப்பது பிரேக்கும் திராட்டிலும் சாய்வும். ஓட்டத்தில் இல்லாத வேகத்தைக் காற்றைக் குறைத்து வாங்க முடியாது.

வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருங்காட்டுக்கோட்டை இருக்கும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து வெயிலைத் தெரிந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. காலை 27 டிகிரி, மதியம் 38 ஆனாலே, பைக்கை நகர்த்தாமல் நிழலில் நிறுத்தியிருந்தாலும் அந்த 28, இருபத்தொன்பதரை ஆகிவிடும். ஒரு பக்கம் வெயில் படும்படி நிறுத்தினால் வெயிலில் நின்ற டயர் ஒன்று காட்டும், நிழலில் நின்றது வேறொன்று காட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேஜை வைத்துப் பார்த்து "ஏறிடுச்சு, இறக்கு" என்பவர் டயரை அளக்கவில்லை, வெயிலைத்தான் அளக்கிறார்.

இந்தக் குளிர் எண், சூட்டு எண் குழப்பத்தின் உச்சம் சாயங்காலம். செஷன் முடிந்து சுடச்சுட வருகிறார் ஒருவர். கேஜில் 33. பக்கத்தில் நிற்பவர் "ஐயோ, ரொம்ப ஜாஸ்தி, 28க்கு இறக்குங்க" என்கிறார். இறக்குகிறார். அன்றைய ஓட்டம் முடிகிறது, டயர் ஆறுகிறது, சூட்டில் இருந்த 28, மாலைக் குளிரில் 25க்குக் கீழே போய்விடுகிறது. முதுகில் பையோடு, சில சமயம் பின்னால் நண்பரோடு, பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே இருட்டில் வீட்டுக்குக் கிளம்புகிறார். டிராக்கில் விழுந்தால் மண்ணும் புல்லும் ஆம்புலன்ஸும் இருக்கின்றன. நெடுஞ்சாலையில் இருப்பது சென்டர் மீடியன். இறக்கச் சொல்ல இருபது பேர் இருக்கிறார்கள். கிளம்பும்போது "காத்தை ஏத்திட்டுப் போங்க தம்பி" என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

"எல்லா ரேஸரும் கம்மிக் காத்துலதான்" என்ற வாதத்துக்கு, உலகத்தின் மிக வேகமான பைக் பந்தயமே பதில் வைத்திருக்கிறது. மோட்டோ ஜிபியில் முன் டயரின் அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகக் கூடாது என்பது விதி. 2024 முதல் அந்த அளவு 1.8 பார், சுமார் 26 பிஎஸ்ஐ. ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தின் 60 சதவீத லேப்களில் அதற்கு மேல் இருந்தாக வேண்டும். தவறினால் 16 விநாடி தண்டனை. 2025 மார்ச் 2 அன்று தாய்லாந்தின் புரிராமில், முன்னணியில் போய்க்கொண்டிருந்த மார்க் மார்கெஸ் தம்பி அலெக்ஸை முன்னே விட்டுவிட்டு லேப் லேப்பாகப் பின்னாலேயே ஓட்டினார். முன்னே போகும் பைக்கின் சூட்டில் தன் முன் டயரின் அழுத்தம் ஏறட்டும் என்பதற்காக. எண் சரியான பிறகு தாண்டிப்போய் ஜெயித்தார். அங்கே அஞ்சியது அழுத்தம் குறைந்துவிடுமோ என்றுதான். அந்த 26ஐப் பிடித்துக்கொண்டு "பார்த்தீங்களா, அவங்களும் கம்மிதான்" என்று யாரும் வர வேண்டாம். அது டயரைச் சூடாக்கும் வார்மரில் வெந்த ஸ்லிக் டயரில், ஓட்டத்தின் நடுவே இருக்க வேண்டிய சூட்டு எண். உங்கள் சாலை டயரின் காலை எண்ணோடு அதற்கு எந்த உறவும் இல்லை.

நான்கு சக்கரத்திலும் இதே பாடம்தான். 2013 சில்வர்ஸ்டோன் எஃப் 1 பந்தயத்தில் டயர்கள் அடுத்தடுத்து வெடித்தபோது, டயர் கொடுத்த பைரெல்லி அடுக்கிய காரணங்களில் அளவுக்குக் குறைவான அழுத்தமும் ஒன்று. டயரின் உடல், உள்ளே இருக்கும் காற்றை நம்பித்தான் நிற்கிறது. காற்று குறைந்தால் சைடுவால் அதிகம் வளையும். வளைய வளைய உள்ளுக்குள் சூடாகி நொந்துபோகும். மேலே பார்த்தால் எதுவும் தெரியாது.

அடுத்து, ஓரம் தேயாதவனைக் கோழை என்று கேலி செய்யும் பழக்கம். பைக்கை எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பதை வேகமும் வளைவின் அளவும் தீர்மானிக்கின்றன. உடலைச் சரியாக உள்பக்கம் இறக்கி உட்காருகிறவர் அதே திருப்பத்தை அதே வேகத்தில் பைக்கைக் குறைவாகச் சாய்த்தே எடுப்பார்; அவர் டயரில் ஓரம் மிஞ்சும். கல்லுப்பிள்ளையார் மாதிரி நிமிர்ந்து உட்காருகிறவர் மெதுவாகப் போயும் ஓரம் வரை தேய்த்துவிடுவார். ஆக, இந்த அளவுகோல் சரியாக ஓட்டுகிறவருக்குக் குறைந்த மதிப்பெண் போடுகிறது. பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று ரிம்முக்குப் பொருந்தாத அகலமான டயரை மாட்டினால், அது இரண்டு பக்கமும் இறுகி நடுவில் கூம்பி நிற்கும். அதன் ஓரத்தைத் தரை தொடுவதே அரிது. இந்தக் கேலிக்குப் பயந்து ஓரத்தைத் தேய்த்தே தீருவேன் என்று, காற்று இறக்கிய டயரில், ஆறிய நிலையிலேயே முதல் லேப்பில் சாய்க்கிறவர்கள் விழுகிறார்கள். விழுந்தவரிடம் போய் "சூடு பண்ணாம சாய்ச்சுட்டீங்க" என்று சொல்லவும் அதே கேலிக்காரர்தான் முதலில் வருகிறார்.

ரப்பர் உருண்டை விஷயத்தில், டயரைத் தொட்டே பார்க்கலாம். செஷன் முடிந்ததும் டயரின் தோளில் மிளகு அளவில் கறுப்பு உருண்டைகள் ஒட்டியிருக்கும். நகத்தால் கிள்ளினால் சட்டென்று உதிர்ந்து, கீழே மேற்பரப்பு வழவழவென்று முழுசாக இருந்தால், அது பெரும்பாலும் மற்ற வண்டிகள் டிராக்கில் உதிர்த்ததை உங்கள் டயர் பொறுக்கி வந்தது. அது உங்கள் டயரின் திறமைச் சான்றிதழ் ஆகாது. மேற்பரப்பே உரிந்து, அலை அலையாகக் கிழிந்து, விரலை ஒரு திசையில் இழுத்தால் வழுக்கி மறு திசையில் இழுத்தால் சொரசொரவென்று பிடித்தால் அது வேறு கதை. அதற்குக் காற்று கூடியதும் காரணமாக இருக்கலாம், குறைந்ததும் காரணமாக இருக்கலாம், சஸ்பென்ஷனின் ரீபவுண்டு செட்டிங்கும் காரணமாக இருக்கலாம். கிழிசலைக் கண்டதும் வால்வில் கை வைப்பது, காரணத்தைத் தேடாமலே தீர்ப்பு எழுதுவது. காரிலும் இப்படித்தான்: முன் டயரின் வெளித்தோள் தேய்ந்தால் "காத்து கம்மி" என்கிறார்கள், சாலைக் கார்களில் பெரும்பாலும் அது கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வுக் கோணம், போதாததன் விளைவு.

தேய்மானத்தை எங்கே பார்க்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இரு சக்கர வாகனத்துக்கு 0.8 மில்லிமீட்டர் பட்டன் இருந்தால் சட்டம் விட்டுவிடும். பட்டன் தேய்ந்த அடையாளம் காட்டும் கட்டை, டயரின் பள்ளத்துக்குள் இருப்பது. தினமும் ஆபீஸ் போய்வரும் பைக்கில் நடுப்பகுதி தட்டையாகி, தோள் புதுசாகவே இருக்கும். சாய்க்கும்போது ஒரு விளிம்பைத் தாண்டி விழுவது போல இருக்கும். டிராக்கிலோ முதலில் கரைவது தோள். அங்கே பள்ளங்கள் குறைவு; எச்சரிக்கும் கட்டையும் பெரும்பாலும் எட்டாது. நடுவைப் பார்த்து "இன்னும் பாதி பட்டன் இருக்கு" என்பவர் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை. சைடுவாலில் உள்ள நான்கு இலக்கத்தையும் படியுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் முழுசாக இருந்தாலும் கெட்டித்துப்போன ரப்பர் பிடிக்காது.

புதியவர் செய்ய வேண்டியது எளிது. பங்க் மீட்டரை நம்பாமல் சொந்தமாக ஒரு கேஜ். நாள் முழுக்க அதே கேஜ். விடியலில், டயர் ஆறிய நிலையில், கம்பெனி சொன்ன எண்ணிலிருந்து தொடங்குங்கள். செஷன் முடிந்து வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன் அளந்து, நேரத்தோடு எழுதி வையுங்கள். மாற்றினால் ஒரு பிஎஸ்ஐ, மிஞ்சினால் இரண்டு. மாற்றிய பிறகு பைக் என்ன சொன்னது என்பதையும் எழுதுங்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன், ஆறிய டயரில் பழைய எண்ணுக்கு ஏற்றுங்கள்.

டிராக் டே நடத்துகிறவர்களிடம் ஒன்றைக் கேட்கிறேன். கொடிகளின் பொருளையும் பிட் வாசலின் விதியையும் காலையில் பொறுமையாகச் சொல்கிறீர்கள், நல்லது. அதோடு ஐந்து நிமிடம் கூட்டி, கேஜை வால்வில் எப்படிப் பிடிப்பது, குளிர் எண் எது, சூட்டு எண் எது என்று ஒரு பைக்கில் செய்து காட்டுங்கள். வெளியேறும் வழியில் ஒரு கம்ப்ரஸரையும் ஓர் ஆளையும் நிறுத்தி, காற்றை அளக்காமல் எந்த பைக்கையும் நெடுஞ்சாலைக்கு விடாதீர்கள்.