அண்டத்தின் பெருமையும் ஆண்டவன் அண்மையும்

திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர்க் கரையில் இரவு வேளையில் நிற்பார்க்குக் கொட்டியாரக் குடாவின் அப்புறத்தே நகரின் விளக்குகள் தோன்றும். அந்நகரின் கடல் முனையிலுள்ள மலையிலே கோணேசப் பெருமான் கோயில் கொண்டுள்ளார். மேலே அண்ணாந்து நோக்கின் கார்த்திகை மீன் கூட்டம் தெரியும். அம்மீன்கள் ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளன. இன்றிரவு நம் கண்ணில் வந்து விழும் அவற்றின் ஒளி, 16 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கிருந்து புறப்பட்ட ஒளியாகும். அது புறப்பட்ட காலத்திலே கோணேசர் ஆலயம் மலைமேல் நிமிர்ந்து நின்றது; போர்த்துக்கேயர் அதனை இடித்தழித்தது 1622 ஆம் ஆண்டிலேயாம். இடிப்பும், அதன் பின் வந்த நூற்றாண்டுகளின் அழுகையும் தொழுகையும் எல்லாம் அவ்வொளி வழியில் வந்துகொண்டிருந்தபோதே நிகழ்ந்து முடிந்தன.

இவற்றைக் கற்று விடுமுறைக்கு ஊர் திரும்பும் விஞ்ஞான மாணவன் ஒருவன் கேட்கின்றான்: "இத்துணைப் பெரிய பிரபஞ்சத்தை ஆக்கியவன் ஒருவன் உளன் என்றே கொள்வோம். அவன் சம்பூர்ப் பத்திரகாளி அம்பாள் முன்னிலையில் ஏற்றப்படும் ஒரு விளக்கைக் காண்பான் என்பது எங்ஙனம் பொருந்தும்?" வினா நேர்மையானது. ஆயின் அதற்கு நம்மிடையே வழங்கும் விடைகள் இரண்டும் நேர்மையானவை அல்ல. 'பிரபஞ்சம் பெரிது, ஆகவே கடவுள் இல்லை' என்பது ஒன்று. 'இவையெல்லாம் எம் முன்னோர் அன்றே அறிந்தவை; ஆகவே ஐயத்துக்கு இடமில்லை' என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பிழை என்பதையும், இரண்டாவது முதலாவதினும் பெரும்பிழை என்பதையும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் பிரபஞ்சத்தின் அளவை அறிந்துகொள்ளல் வேண்டும். ஞாயிறு ஒரு சாதாரண விண்மீன். அதனை உள்ளடக்கிய பால்வீதியில் குறைந்தது 10,000 கோடி விண்மீன்கள் உள்ளன. நமக்கு அண்மையிலுள்ள பெரிய விண்மீன் மண்டலமாகிய அன்ட்றொமீடா 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அத்தகைய மண்டலங்கள் பல்லாயிரங் கோடி. நாம் காணத்தக்க பிரபஞ்சப் பகுதியின் விட்டம் ஏறத்தாழ 9,300 கோடி ஒளியாண்டு. அதன் வயது 1,380 கோடி ஆண்டு. பூமிக்கு வயது 450 கோடி ஆண்டுக்குச் சற்று மேல். மனித இனத்துக்கோ மூன்று இலட்சம் ஆண்டளவே.

இவ்வளவு பெரிதாகலின் கடவுள் இல்லை என்பார் கூற்றில், 'பெரியது மதிப்புடையது; சிறியது மதிப்பற்றது' என்னும் எடுகோள் ஒன்று மறைந்து கிடக்கின்றது. இவ்வெடுகோள் எந்த ஆய்வுகூடத்திலும் நிறுவப்பட்டதன்று. மலை தாயினும் பெரிது. அதனால் குழந்தை மலையை நோக்கி அழுவதில்லை. 2025 ஏப்ரல் மாதத்திலே சம்பூரில் சூரிய மின்னிலையம் ஒன்றின் பணி தொடக்கி வைக்கப்பட்டது. ஆயிரமாயிரங் கோடி விண்மீன்களுள் ஒன்றாகிய ஞாயிற்றின் ஒளியில், கணக்கிடவும் இயலாத ஒரு துளியே ஒரு கிராமத்து நிலத்தில் விழுகின்றது. அத்துளி ஓர் ஊருக்கு விளக்காதற்கு அதன் சிறுமை தடையாகவில்லை.

பௌதிகம் தானாகவே இவ்வழக்கைத் தீர்த்து விடும் என்பதும் உண்மையன்று. விண்மீன்களின் முடிவை ஆராய்ந்து 1983 இல் நோபெல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் தம்மை நாத்திகரென்றே கூறிக்கொண்டார். 1979 இல் அப்பரிசைப் பெற்ற பாகிஸ்தானியப் பௌதிக அறிஞர் அப்துஸ் சலாம் இறைநம்பிக்கையை இறுதிவரை கைவிடாதவர். இருவரும் கண்டது ஒரே பிரபஞ்சத்தையே. ஆகவே நம்பிக்கையும் மறுப்பும் அளவுகோலின் நுனியிலிருந்து பிறப்பன அல்ல.

ஆயினும் மறுப்பாளர் வாதத்துக்கு வலிமையான வடிவம் ஒன்று உண்டு. அதனை மறைத்தல் அறமன்று. 'கடவுளின் நோக்கம் மனிதனே எனின், மனிதன் தோன்றுமுன் 1,380 கோடி ஆண்டுகள் எதற்கு? மனிதன் ஒருபோதும் எட்ட இயலாத மண்டலங்கள் எதற்கு?' என்பதே அது. இவ்வினா, உலகம் மனிதன் ஒருவனுக்காகவே ஆக்கப்பட்டது என்னும் கொள்கையை நிச்சயமாகத் தாக்குகின்றது. ஸ்கொட்லாந்துப் போதகர் தோமஸ் சால்மர்ஸ் கிளாஸ்கோ நகரில் நிகழ்த்தி 1817 இல் வெளியிட்ட வானியற் சொற்பொழிவுகளில் இதற்கு விடை தேடினார். தொலைநோக்கி பெருமையைக் காட்டிய காலத்தை ஒட்டியே நுணுக்குக்காட்டி சிறுமையினுள்ளும் அமைந்த ஒழுங்கைக் காட்டியது. ஆகவே பெரியதை ஆள்பவன் சிறியதைக் கைவிடான் என்பது அவர் கருத்து. அழகிய விடைதான். ஆயின் அது கடவுளால் கவனிக்க இயலும் என்பதைக் காட்டுமேயன்றிக் கவனிக்கின்றார் என்பதை நிறுவாது.

இனி நம்மவர் விடைக்கு வருவோம். திருவாசகத்தின் திருவண்டப்பகுதியிலே மாணிக்கவாசகர் நூறு கோடிக்கும் மேலான அண்டங்களைப் பேசுகின்றார். மேடைகளிலும் மலர்களிலும் அன்பர் பலர் இதனை எடுத்துக்காட்டி, விரியும் பிரபஞ்சத்தை எட்வின் ஹபிள் 1929 இல் காட்டுமுன்னரே எம் அடிகள் கண்டுவிட்டார் எனப் பெருமிதம் கொள்கின்றனர். கைதட்டலும் கிடைக்கின்றது. மாணிக்கவாசகர் எந்த விண்மீனின் நிறமாலையை அளந்தார்? எந்தத் தொலைவைக் கணித்தார்? அவருடைய அண்டங்கள் புராண மரபு வழங்கிய அண்டங்கள். அவர் அவற்றை எண்ணிக் காட்ட வந்தவர் அல்லர். அத்தனை அண்டங்களும், வீட்டினுள் நுழையும் வெயிற்கதிரில் மிதக்கும் தூசிபோல் இறைவன் முன் சிறுத்துப் போகின்றன என்பதே அவர் சொல்ல வந்தது. அஃதாவது, எண்ணிக்கை எவ்வளவாயினும் அஃது இறைவனுக்கு அளவாகாது என்றார். அந்த மெய்ஞ்ஞானக் கூற்றை வானியற் செய்தியாக்குவோர் அதனை உயர்த்துவதில்லை. அன்றாடச் செய்தித்தாளின் தரத்துக்கு இறக்குகின்றனர்.

இதன் கேட்டினை வரலாறு காட்டும். பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்திட்ட பெல்ஜியத்து அறிஞர் ஜோர்ஜ் லமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. 1951 இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் அக்கொள்கை படைப்பை உறுதிப்படுத்துகின்றது என்னும் கருத்துப்பட உரையாற்றியபோது, அதனை விரும்பாதவர் லமேத்ரே. விஞ்ஞானக் கொள்கை சமய வினாக்களுக்குப் புறம்பானது என்பது அவர் நிலைப்பாடு. இன்றைய கொள்கையோடு கடவுளைப் பிணைத்தால் நாளை கொள்கை மாறும்போது கடவுளும் மாறவேண்டிவரும் என்பதை நாமும் உணர்தல் நன்று.

அவ்வளவு தூரம் போவானேன்? நமது யாழ்ப்பாணத்திலேயே இது நடந்தது. வட்டுக்கோட்டையில் 1823 இல் அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய செமினரியிலே வானியல் கற்பிக்கப்பட்டது. 1829 இல் நிகழவிருந்த ஒரு சந்திர கிரகணம் பற்றி உள்ளூர்ப் பஞ்சாங்கம் ஒன்று கூறிய கணிப்பும், செமினரித் தலைவர் டானியல் பூர் செய்த கணிப்பும் வேறுபட்டன. கிரகணம் பூரின் கணக்கையே மெய்ப்பித்தது. பஞ்சாங்கத்தின் பிழையைச் சைவத்தின் பிழையாக மிசனரிமார் காட்டமுயன்றனர். கணிதத்தில் அவர்கள் கூறியது சரி. ஆயின் ஒரு கிரகணத்தின் நேரம் பிழைத்தமையால் சிவன் இல்லை என்பது எந்த அளவையிலும் அடங்காத முடிபு. சமயத்தைப் பஞ்சாங்கத்தோடு கட்டிவைத்தமையாலன்றோ அத்தாக்குதலுக்கு இடமுண்டாயிற்று? அன்று பஞ்சாங்கத்தோடு கட்டியதையே இன்று பெருவெடிப்போடு கட்டுகின்றோம். கயிறு புதிது, கட்டு பழையதே.

அதே செமினரிக்குப் பின்னர்த் தலைமை வகித்த ஹென்றி ஹொய்சிங்டன் வானியல் நூலொன்றை 1848 இல் யாழ்ப்பாணத்தில் வெளியிட்டார். அவரே சிவஞானபோதத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அது 1854 இல் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. வாதிட வந்தவரே இரண்டையும் கற்றார். நம்முள் வானியல் கற்றார் சித்தாந்தம் கல்லார். சித்தாந்தம் கற்றார் வானியல் கல்லார். நாணத்தக்கது இந்நிலையே.

சித்தாந்தம் உண்மையிற் கூறுவது யாது? பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் முதற் சூத்திரம், உலகம் தோன்றி நின்று ஒடுங்குவது ஆதலின் அதனை அவ்வாறு செய்விக்கும் முதல்வன் உளன் என்கின்றது. இங்கே உலகின் பருமை பேசப்படவில்லை. அதன் நிலையாமையே பேசப்படுகின்றது. ஒரு குடமாயினும் ஓர் அண்டமாயினும் வாதம் ஒன்றே. அன்றியும் சித்தாந்தத்தின் இறைவன் இன்மையிலிருந்து உலகைப் படைத்தவன் அல்லன். மண்போல மாயை முதற்காரணம். சக்கரம்போலச் சத்தி துணைக்காரணம். குயவன்போல இறைவன் நிமித்தகாரணன். உயிர்களும் இறைவனைப்போல அநாதியானவை. ஆகவே பிரபஞ்சத்தின் பெருமை மாயையின் பெருமையாகும். அதனை எத்துணை மடங்கு பெருக்கினும் சித்தாந்தத்தில் ஓர் எழுத்தும் திருத்தவேண்டியதில்லை. உலகம் உயிர்களுக்குத் தநு, கரணம், புவனம், போகம் ஆகியவற்றை அளிப்பது. அவ்வுயிர்களோ எண்ணிறந்தவை, புல் முதல் தேவர் ஈறாக எழுவகைப் பிறப்பின. மனிதன் ஒருவனுக்காகவே உலகம் என்று சொல்லாத சமயத்துக்கு மனிதன் நடுவில் இல்லை என்ற செய்தி அதிர்ச்சி தரவேண்டியதில்லை.

'அங்ஙனமாயின் உயிரற்ற வெளி எதற்கு?' எனின், அதற்கு விஞ்ஞானமே ஒரு பகுதி விடை தருகின்றது. ஆதியில் இருந்தவை ஐதரசன், ஈலியம் ஆகியவற்றோடு சிறிதளவு இலிதியமே. நம் எலும்பின் கல்சியமும், குருதியின் இரும்பும், உயிரின் அடிப்படையாகிய காபனும் விண்மீன்களின் வாழ்விலும் சாவிலும் ஆக்கப்பட்டவை என்பதைப் பேர்பிட்ஜ் தம்பதியர், ஃபௌலர், ஹொயில் ஆகிய நால்வர் 1957 இல் விரித்துக் காட்டினர். விண்மீன்கள் தோன்றி, முதிர்ந்து, மடிந்து இப்பொருள்கள் சேரப் பலநூறு கோடி ஆண்டுகள் வேண்டும். விரியும் பிரபஞ்சம் அவ்வளவு காலம் நிலைத்திருப்பின் அவ்வளவு பெரிதாகவும் இருந்தே தீரும். ஆகவே ஓர் உடம்பு உண்டாவதற்கு இப்பழமையும் இப்பெருமையும் வேண்டியிருந்தன. இது கடவுளுக்குச் சான்று அன்று. பெருமை வீண் என்னும் வாதத்துக்கு மறுப்பு மட்டுமே. இத்தனை மண்டலங்கள் வேண்டுமா என்ற வினா இன்னும் எஞ்சியிருக்கின்றது என்பதையும் ஒப்புக்கொள்வோம்.

ஆயின் அன்பர்களே, சம்பூரில் நின்று கேட்கப்படும் வினாவின் உள்ளீடு இதுதானா? 2004 திசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை இக்கடலோரத்தைத் தாக்கியது. 2006 இல் போரினால் சம்பூர் மக்கள் ஊரைவிட்டு அகன்றனர். 2007 இல் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. ஊர்மனை திரும்பும் வழி 2015 இலேதான் திறந்தது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் தம் கிணற்றையும் கோயிலையும் பிரிந்து முகாம்களில் இருந்தவர், அன்ட்றொமீடாவின் தொலைவை எண்ணியா கடவுளை ஐயுற்றிருப்பர்? ஐயத்தின் ஊற்று பெருமையன்று, துன்பம். நாமோ துன்பத்தைப் பற்றிப் பேச அஞ்சி, ஒளியாண்டுகளைப் பற்றிப் பேசுகின்றோம். மறுப்பாளர்க்கும் அது வசதி. நம்புவோர்க்கும் அது வசதி.

நம்புவோருள்ளும் கொடியவர் இருவர். 'இத்தனை அண்டங்களின் முன் உன் துயரம் எம்மாத்திரம்?' என்பவர் ஒருவர். அவர் இறைவனின் பெருமையை அலட்சியமாக்கி விடுகின்றார். நாத்திகர் கூறுவதையே திருநீறணிந்து கூறுகின்றார். 'எல்லாம் உன் வினை' என்று வீடிழந்தவர் முகத்துக்கு நேரே சொல்பவர் மற்றொருவர். வினைக்கொள்கை ஒருவன் தன்னைத் திருத்திக்கொள்வதற்கு உரியது. பிறன் தோளில் ஏற்றி வைத்துவிட்டுப் போவதற்கு உரியதன்று. மனிதர் தொடுத்த போரை வினையின் கணக்கில் எழுதிவிட்டால் மனிதர் எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்றாகிவிடும்.

சித்தாந்தத்தின் இறைவன் உயிர்களோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்பவன். தொலைவு என்பது இடத்தில் உள்ள பொருளுக்கே உண்டு. எல்லா அண்டத்தையும் கடந்தவன் ஒருவனுக்கு அன்ட்றொமீடா சேய்மையும் அன்று. சம்பூர் சிறுமையும் அன்று. 'இத்துணைப் பெரியவன் எங்ஙனம் சிறியதைக் காண்பான்' என்று வினவும்போது, நாம் அவனை ஒரு பேருடம்பாகக் கற்பித்து வானத்தின் ஒரு மூலையில் இருத்துகின்றோம். ஏழாம் நூற்றாண்டிலே சம்பந்தர் பதிகம் பாடியபோது, அண்டங்கடந்த முதல்வனையே கோணமாமலையில் அமர்ந்தவன் என்று ஊர்ப்பெயர் சொல்லி அழைத்தார். அம்மரபில் ஊரும் அண்டமும் முரண்படவில்லை.

இது மெய்யென எம்மால் நிறுவ முடியாது. ஆயின் பிரபஞ்சத்தின் பெருமை இதனைப் பொய்யாக்கவில்லை என்பது உறுதி. விஞ்ஞான மாணவர் சித்தாந்தத்தைச் சாத்திர நூல்களிலிருந்து கற்று அதன்பின் மறுக்கட்டும். சைவம் போதிப்போர் வானியலை உண்மையாகவே கற்று அதன்பின் மேடையேறட்டும். சம்பூரில் மாலையில் விளக்கேற்றும் ஒருத்திக்கு நாம் விடை கூறக் கடமைப்பட்டவர்களாயின், அவ்விடை அவள் இழந்தவற்றின் முன் நின்று சொல்லத்தக்கதாக இருத்தல் வேண்டும். விண்மீன்களின் பின்னே ஒளிந்துகொண்டு சொல்லப்படும் விடை, ஆத்திகமாயினும் நாத்திகமாயினும், அவளுக்கு விடையன்று.