கயவனுக்கு ஒரு சாதாரணப் பெயர்

கதையில் வரும் தீயோனுக்குத் தீமை தொனிக்கும் பெயரே இடப்படல் வேண்டும் என்றதொரு கொள்கை எழுத்துலகில் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. பெயரைக் கேட்ட மாத்திரத்தே வாசகன் நடுங்குதல் வேண்டும். அன்றேல் பாத்திரம் வலுவிழந்துவிடும் என வாதிடுவோர் உளர். இக்கொள்கை கலைக்கும் கேடு, வாசகனின் அறவுணர்வுக்கும் கேடு என்பதே எமது துணிபு.

ஆங்கில நாவலாசிரியருள் டிக்கன்ஸ் இம்முறையில் வல்லவர். 1854 இல் வெளிவந்த 'ஹார்ட் டைம்ஸ்' நாவலில் வரும் ஆசிரியர் ஒருவரின் பெயர் மக்சோக்கம்சைல்ட். குழந்தையின் குரல்வளையை நெரிப்பவர் என்னும் பொருள் அதனுள்ளே பொதிந்து கிடக்கின்றது. 'டேவிட் கொப்பர்ஃபீல்ட்' நாவலிற் சிறுவனை வதைக்கும் மாற்றாந்தந்தை மேர்ட்ஸ்டனின் பெயரிலோ கொலையும் கல்லும் ஒருங்கே ஒலிக்கின்றன. அங்கதத்துக்கு இவை பொருந்தலாம். ஆயினும், வாசகன் தானே ஆராய்ந்து வழங்கவேண்டிய தீர்ப்பை ஆசிரியர் முற்கூட்டியே எழுதிக் கையில் திணித்துவிடுகின்றார்.

இதற்கு மாறானோரையும் நோக்குக. ஒதெல்லோவின் வாழ்வைக் குலைக்கும் இயாகோவின் பெயர், இயேசுவின் சீடருள் ஒருவரான யாக்கோபின் பெயரே. ஜோர்ஜ் ஓர்வெல் 1949 இல் வெளியிட்ட நாவலிலே, தோழன் என நம்பிச் சென்றவனைச் சிறையில் வைத்துச் சித்திரவதை செய்பவனின் பெயர் ஓபிரையன். அதே ஆண்டில் வெளிவந்த 'மூன்றாவது மனிதன்' திரைப்படத்துக்குக் கிரஹாம் கிரீன் படைத்த கயவன் ஹரி லைம். போருக்குப் பிந்திய வியன்னா நகரில் கலப்படப் பெனிசிலினை விற்றுக் குழந்தைகளின் வாழ்வைச் சீரழித்தவன் அவன். அவனுடைய பள்ளித்தோழன் அதனை முதலில் நம்ப மறுக்கின்றான். நாமும் மறுக்கின்றோம். நம்பியவன் கயவன் என அறியும்போது நெஞ்சில் விழும் அடி, அச்சுறுத்தும் பெயரால் ஒருபோதும் விளையாது.

நமது காவிய மரபு இதனை அறியாததன்று. விபீடணன் என்ற வடமொழிப் பெயருக்கு அச்சந்தருபவன் என்பது பொருள். அவனோ அறத்தின் பக்கம் நின்றவன். சகுனி என்பது பறவையைக் குறிக்கும் சொல். அப்பெயரை இன்று வசைச்சொல்லாக்கியது அவன் உருட்டிய சூதேயன்றிப் பெயரின் பொருளன்று.

பெயரே இடாது விடுதல் இன்னும் பெரிய கேடு. கோப்பெருந்தேவியின் சிலம்பைக் கவர்ந்து, பழியைக் கோவலன்மேற் சுமத்தியவனுக்குச் சிலப்பதிகாரத்திற் பெயரில்லை. அவன் வெறும் பொற்கொல்லன். விளைவு யாது? கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரை ஒரே நாளிற் பத்தினிக்குப் பலியிட்டதாக அந்நூலே கூறுகின்றது. பெயர் இருந்திருப்பின் செழியனின் வாள் ஓய்ந்திருக்கும் என்று நாம் கூறவில்லை. ஆனால், குற்றவாளிக்குத் தொழிலே பெயராகுமிடத்து, தண்டனையும் அத்தொழிலாளர் அனைவர்மேலும் எளிதிற் பாய்கின்றது. மந்தரைக்குக் கூனி என்பதே பெயராக நிலைத்தமையால், வளைந்த முதுகுடையோர் எத்தனை பேர் காரணமின்றிப் பழிசுமந்தனரோ!

இது நூலோடு முடியும் வழக்கன்று. பெயரைக் கேட்டு இனத்தை அறிந்து, ஒருவன் வாழ்வதா சாவதா எனத் தெருவில் முடிவு செய்த கொடுமையை 1983 யூலையில் இந்நாடு கண்டது. ஒரு பெயரில் ஒரு கூட்டத்தின் குற்றம் முழுவதையும் படிக்கப் பழகிய மனம் எத்துணை ஆபத்தானது என்பதை நமக்கு வேறெவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அப்பழக்கத்துக்குக் கதையும் உரமிடலாமா?

நமது சிறுகதைகள் பலவற்றிலே கொடியோர் 'முதலாளி', 'கங்காணி', 'விதானையார்' என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றனர். வர்க்கத்தை இனங்காட்டவே இவ்வாறு எழுதுகின்றோம் என முற்போக்கு நண்பர்கள் கூறுவர். சுரண்டலை எவரும் மறுக்கவில்லை. ஆனால், பெயரற்ற முதலாளியை வெறுத்தல் மிக எளிது. அவன் நம் சித்தப்பாவாக இருக்கமாட்டான். நம் வீட்டு விருந்துக்கு வரமாட்டான். விதானையாருக்குக் கந்தையா என்று பெயரிட்டுப் பாருங்கள். கோயிலிற் கண்மூடிக் கும்பிடுபவரும், மகளின் காய்ச்சலுக்கு இரவெல்லாம் கண்விழிப்பவரும் அக்கந்தையாவே. ஏழையின் காணியைப் பொய்க் கையொப்பத்தால் எழுதிக்கொள்பவரும் அவரே. அப்போது சுரண்டல் எங்ஙனம் மனிதர் கைகளால் நடைபெறுகின்றது என்பது புலனாகும்.

உலகிலுள்ள கந்தையாக்கள் மனம் வருந்தாரோ என வினவலாம். பலருக்குரிய பெயர் எவரையும் சுட்டாது. கந்தையாக்களுள் நல்லவரும் தீயவரும் உளர் என்பதை அனைவரும் அறிவர். ஆகவே, வாசகன் பெயரை விடுத்துச் செயலை நோக்கியே தீரவேண்டும். தன் செயலையும் அவ்வாறே நோக்க நேரும். எழுத்தாளர்களிடம் நாம் வேண்டுவதும் அதுவே.